யானையை எங்கே அனுப்புவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் வாசகர் பகுதியில் கெடாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். மலேசியாவின் வடக்கே பேராவையும் கிளந்தானையும் இணைக்கும் கிரிக் - ஜெலி சாலையில் யானைகள் குறுக்கே வந்து விபத்து நடக்கிறது, ஆகவே வனவிலங்கு இலாகா அவற்றை எல்லாம் பிடித்து வேறு ஏதாவது காட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய கருத்து. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைகுட்டிகளோடு இரவில் அந்தப் பக்கம் போய் வந்த பயத்தில் எழுதியிருப்பார். ஆனால் அந்தச் சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் லோரி ஓட்டியவன் நான். பதில் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. கடிதம் கொஞ்சம் நீளும். இடம் கொடுத்து உதவ வேண்டும்.

நான் 1962-இல் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பா, அம்மா இருவருமே பால்மரம் வெட்டினார்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அதைத் தொட்டு நாடு முழுவதும் அவசரகாலம் வந்ததே, அது எங்கள் ஊரில் நடந்தது. நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே அவசரகாலம் முடிந்துவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் முடியவில்லை. லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டதையும், வெட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது என்று கேட்டில் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்ததையும் அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். சோறு காட்டுக்குள் இருந்து போராடிய கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று சர்க்காருக்குப் பயம். அதனால் எங்கள் வீட்டில் காடு இரண்டு வகை. பால்மரக்காடு என்றால் வேலை, சம்பளம், கொசுக்கடி. அதற்கு அப்பால் மலைமேல் நீலமாகத் தெரியும் பெரிய காடு என்றால் பயம். "அந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்காதே" என்பார் அப்பா. எங்கள் தலைமுறைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். காட்டோரத்தில் பிறந்தும் நம்மில் பலர் காட்டைப் பார்க்காமலே வயதாகிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1985-இல் லோரிக்கு வந்தேன். ஈப்போவில் சாமான் ஏற்றி, கோலகங்சார், லெங்கோங், கிரிக் வழியாக மலையேறி ஜெலியில் இறங்கி, கோத்தா பாருவுக்கு. கிரிக்கிலிருந்து ஜெலிவரை ஏறக்குறைய 120 கிலோமீட்டர், எல்லாம் காடு. அப்போது அந்தச் சாலை திறந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. 1970-இல் வெட்ட ஆரம்பித்து, 1982 ஜூலை 1-ஆம் தேதி திறந்தார்கள். பன்னிரண்டு வருடம் பிடித்ததற்கு மலை மட்டும் காரணமில்லை. தாய்லாந்து எல்லையில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு இந்தச் சாலை வருவது பிடிக்கவில்லை. 1974-இல் மண் வெட்டும் இயந்திரங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ராணுவக் காவலோடுதான் வேலை நடந்தது. நான் ஓட்டத் தொடங்கிய காலத்தில்கூட வழி நெடுகிலும் ராணுவ முகாம்கள் இருந்தன. இருட்டிவிட்டால் வண்டி விட மாட்டார்கள். கிரிக்கிலேயே லோரியை ஓரங்கட்டிவிட்டு, வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுப்போம். விடிந்ததும் முதல் ஆளாகப் போகிறவனுக்கு ரோட்டில் ஒரு வேலை இருக்கும். யானைச் சாணத்தை விலக்கி ஓட்ட வேண்டும். சில நாள் ஆவி பறந்துகொண்டிருக்கும். ஒடித்துப் போட்ட மூங்கில் ரோட்டின் நடுவிலேயே கிடக்கும்.

பகலில் மனிதருக்கு, இரவில் யானைக்கு என்று அந்தச் சாலை பங்கு பிரிந்திருந்ததை அன்றைக்கு நான் நினைத்துப் பார்க்கவில்லை. 1989 டிசம்பர் 2-ஆம் தேதி தாய்லாந்தின் ஹட்யாயில் கம்யூனிஸ்டுகளோடு சமாதானக் கையெழுத்தானது. அதற்கப்புறம் இரவு ஓட்டம் வந்தது. யானையின் பங்கையும் நாமே எடுத்துக்கொண்டோம். யாரும் யானையைக் கேட்கவில்லை.

ஒரு இரவு மட்டும் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில். தித்திவங்சா உச்சி தாண்டி இறக்கத்தில் பனிமூட்டம். மான், காட்டுப்பூனை என்றால் லைட் வெளிச்சத்தில் கண் பளிச்சென்று மின்னும், தூரத்திலேயே தெரிந்துவிடும். யானை அப்படி மின்னாது. அந்தக் கறுத்த உடம்பு வெளிச்சத்தை அப்படியே விழுங்கிக்கொள்ளும். பக்கத்தில் போன பிறகுதான், அதுவரை இருட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தது யானை என்று தெரியும். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பிரேக்கில் ஏறி நின்றேன். பின்னால் பன்னிரண்டு டன் சாமான் தள்ளுகிறது. வண்டி நின்றபோது நடுவில் மூன்று ஆள் நீளம்தான் இடைவெளி. எஞ்சினை அணைத்தேன். லைட்டையும் அணைத்தேன். ஹார்ன் அடிக்கவே கூடாது என்று மூத்த டிரைவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. கரக், கரக் என்று புல்லைப் பிடுங்குகிற சத்தம். பிடுங்கிய புல்லை முன்னங்காலில் தட்டி மண்ணை உதிர்க்கிற சத்தம். அம்மா கீரையைக் கழுவுவதற்கு முன் மண் போகப் படிக்கல்லில் தட்டுவாரே, அதே சத்தம். பத்து நிமிடமோ, இருபது நிமிடமோ. அது சாப்பிட்டு முடித்துத் தன்பாட்டுக்கு இறங்கிப் போனது. பின்னால் இரண்டு நிழல்கள், அதில் ஒன்று சின்னது. எனக்குக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த வாரமும் அதே இறக்கத்தில் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓட்டினேன். காரணம் சொல்கிறேன். எனக்கு மாதச் சம்பளம் கிடையாது, டிரிப்புக் காசு. காலை ஐந்து மணிக்குள் பசாரில் காய்கறி இறங்கவில்லை என்றால் அந்த டிரிப்பில் கையை வைப்பார்கள். யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. இன்றைக்கும் அந்தச் சாலையில் ஓடுகிற பையன்கள் பலர் இப்படித்தான் ஓடுகிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

2025 மே 11-ஆம் தேதி அதிகாலையில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அன்னையர் தினம். அந்தச் சாலையில் ஒரு யானைக் குட்டி லோரியில் அடிபட்டு, லோரிக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டு இறந்துபோனது. தாய் யானை அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. லோரியின் முகத்தில் தன் தலையை வைத்து அழுத்திக்கொண்டே நின்றது. நாடே அந்தக் காட்சியைக் கைப்பேசியில் பார்த்தது. ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். "தாத்தா, இது நீங்க ஓட்டின ரோடுதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அந்தக் காட்டுக்குள்ள என்ன தாத்தா இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பது வருடம் அதன் நடுவில் போய் வந்தவன். அந்தச் சாலையில் தெமெங்கோர் ஏரியைத் தாண்டும் பாண்டிங் பாலத்தின்மேல் ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கியிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஏரி தெரியும், மலை தெரியும். ஒரு நாளும் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்ததில்லை. ஹட்யாய்க்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். தமிழ்நாட்டுக்கு இரண்டு தடவை கோயில் பயணம் போயிருக்கிறேன். என் ஊர் ஆறு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போனதில்லை.

செப்டம்பர் பள்ளி விடுமுறையில் மகள், மருமகன், பேத்தி, என் மனைவி எல்லாரையும் அழைத்துக்கொண்டு போனேன். போகிற வழியில் கோலகங்சாரில் வண்டியை நிறுத்தினேன். மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் கம்பி வேலி போட்டு ஒரு பழைய பால்மரம் நிற்கிறது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் 9 கோலகங்சாருக்கு வந்தன. பேராவின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ வைத்து வளர்த்தார். அவற்றில் மிஞ்சி நிற்பது இந்த ஒன்றுதான். அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் பேரா ஆறு ஓடுகிறது. நம் பாட்டன் பூட்டனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த மரம் இந்த ஆற்றங்கரையில் நின்ற மரம் என்று பேத்தியிடம் சொன்னேன். என் மனைவி மரத்தைத் தொட்டுப் பார்க்க வேலிக்குள் கையை விட்டாள், எட்டவில்லை. 2003-இல் என் அப்பாவின் அஸ்தியைக் கரைத்ததும் இந்த ஆற்றில்தான். எங்கள் ஊர் சுங்கை புளுஸ் ஓடிப்போய்ச் சேர்வதும் இதில்தான். தீபகற்பத்தில் பகாங் ஆற்றுக்கு அடுத்து நீளமானது, ஏறக்குறைய 400 கிலோமீட்டர். அந்த ஆற்றின் தலையைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

லெங்கோங்கில் அதிக நேரம் நிற்கவில்லை. பத்தாயிரம் வருடத்துக்கு முந்திய பேரா மனிதனின் எலும்புக்கூடு கிடைத்த ஊர், 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்று வண்டியிலிருந்தபடியே மருமகன் சொல்லிக்கொண்டு வந்தார். கிரிக்கில் தே தாரிக் குடிக்க இறங்கினோம். அந்தக் கடைத்தெருவில் நின்றுகொண்டு, இந்த ஊர் ஒரு காலத்தில் சயாமுக்குக் கீழே இருந்தது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ரெமான் என்ற சிற்றரசு, இன்றைய தென் தாய்லாந்தின் பட்டானி பக்கத்தைச் சேர்ந்தது. கிளியான் இந்தானில் கிடைத்த வெள்ளீயத்துக்காக இந்த மலைப்பக்கத்தைப் பிடித்து வைத்திருந்தது. பேரா சுல்தான் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார். 1909-இல் ஆங்கிலேயரும் சயாமும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் உலு பேராவின் மேல்பகுதி பேராவுக்குத் திரும்பி வந்தது. லோரிக்காரனாக நான் எத்தனை இரவு அந்த ஊரில் படுத்திருக்கிறேன், இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஓய்வுபெற்ற பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டது.

பாண்டிங் தீவுப் படகுத்துறையில் காலை எட்டு மணிக்குப் படகு ஏறினோம். அந்தச் சாலைக்கு வடக்கே இருக்கும் ரோயல் பெலும் காட்டுக்குள் போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பேரா மாநிலப் பூங்காக் கழகம் கொடுக்கிறது. படகுக்காரர் மலாய்க்காரர். வழிகாட்டியாக வந்த தம்பி ஜஹாய் பூர்வகுடி இளைஞர், இருபத்தைந்து வயதிருக்கும். என்னை மலாயில் "பாக்சிக்", அதாவது மாமா, என்று கூப்பிட்டார். என் மனைவியை "மாக்சிக்", அத்தை, என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்துப் படகில் ஏற்றினார்.

ஏரி என்று சொல்கிறோமே தவிர, அது முழுகிப்போன பள்ளத்தாக்கு. எழுபதுகளின் கடைசியில் தெமெங்கோர் அணை கட்டியபோது பேரா ஆறு நிரம்பி 15,200 ஹெக்டர் தண்ணீர் நின்றது. கெனீர் ஏரிக்கு அடுத்து தீபகற்பத்தில் இதுதான் பெரிய செயற்கை ஏரி. தண்ணீருக்கு மேலே இன்னும் பட்ட மரங்கள் நிற்கின்றன. நாற்பது வருடத்துக்கு மேலாகியும் விழவில்லை, வெயிலில் எலும்பு மாதிரி வெளுத்திருக்கின்றன. ஒவ்வொரு கட்டை உச்சியிலும் ஒரு பறவை. மின்சாரத்துக்காகக் கட்டிய அணைதான், ஆனால் கம்யூனிஸ்டுகள் எல்லையிலிருந்து இறங்கி வரும் வழிகளைத் தண்ணீரில் மூழ்கடிப்பதும் ஒரு நோக்கமாக இருந்தது என்பார்கள். அதற்கும் முன்னால், 1952 பிப்ரவரியில், பிரிட்டிஷ் ராணுவத்தின் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படை இந்தப் பெலும் பள்ளத்தாக்கில் பாராசூட்டில் குதித்தது. அங்கே வயல் வைத்துப் பிழைத்த மலாய்க் கிராமத்து மக்களை வெளியேற்றினார்கள். எங்கள் லயத்தில் முள்கம்பி போட்ட அதே காலம். அப்பா பயந்த பெரிய காட்டின் உள்ளறையில் நான் படகில் போய்க்கொண்டிருந்தேன்.

சரி, யானை விஷயத்துக்கு வருகிறேன்.

படகை ஒரு ஓடை முகத்தில் கட்டிவிட்டு அரை மணி நேரம் நடந்தோம். அட்டை ஏறாமல் இருக்கக் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டோம், இருந்தும் ஏறின. போய்ச் சேர்ந்த இடம் சிரா என்று மலாயில் சொல்லும் உப்புச் சேறு. மண்ணில் உப்பும் தாதுவும் ஊறிக் கிடக்கும் சின்னத் திறந்தவெளி. யானை, செலாடாங் என்ற காட்டெருது, மான், தாபீர் எல்லாம் இரவில் வந்து நக்கிவிட்டுப் போகும். நாங்கள் போன நேரத்தில் ஒன்றும் இல்லை, தடம்தான் இருந்தது. பெரிய தடம் ஒவ்வொன்றிலும் கலங்கல் தண்ணீர் நின்றது. சில தடங்களில் இன்னும் ஓரத்து மண் சரிந்து விழுந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் போயிருக்கும் என்றார் தம்பி. பெரிய தடம் ஒன்றுக்குள்ளேயே ஒரு சின்னத் தடம். பெரிய மைலோ டின்னின் மூடி அளவுதான் இருந்தது. தாய் வைத்த இடத்திலேயே குட்டி கால் வைத்து நடந்திருக்கிறது. பேத்தி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தன் உள்ளங்கையை அதன்மேல் படாமல் பிடித்து அளந்து பார்த்தாள். என் மனைவி குனிந்து அந்த ஈரமண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தம்பி எதுவும் கேட்கவில்லை, அவள் முடிக்கும்வரை காத்திருந்தார்.

பக்கத்திலேயே பழைய சாணம். அதைப் பிளந்துகொண்டு ஏழெட்டு முளைகள். யானை ஒரு மலையில் பழம் தின்று இன்னொரு மலையில் விதை போடுகிறது, நாங்கள் நட்ட மரம் கொஞ்சம், அவை நட்ட மரம்தான் நிறைய என்றார் அவர். அப்புறம் என்னைப் பார்த்து, "பாக்சிக் எந்த ஊர்?" என்று கேட்டார். சுங்கை சிப்புட், தோட்டத்துக்காரன் என்றேன். "அப்படியானால் உங்கள் ஊர் யானையும் இங்கே இருக்கலாம்" என்றார். "தோட்டத்தில் பிடிக்கும் யானைகளைப் பெலுமுக்கும் கொண்டுவந்து விடுகிறார்களே."

அந்த ஒரு வார்த்தையில் நான் அப்படியே நின்றுவிட்டேன். தொண்ணூறுகளில் எங்கள் தோட்டத்தில் பால்மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை போட்டார்கள். இளங்கன்றின் குருத்து யானைக்கு உயிர். ஒரே இரவில் வரிசை வரிசையாகப் பிடுங்கி, குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போகும். லயத்துப் பின்புறம் வாழைத்தோப்பு வரைக்கும் வந்தது ஒன்று. கிழவிகள் விளக்கேற்றி வைத்து, "பிள்ளையாரப்பா, போயிடுப்பா" என்று கும்பிட்டார்கள். கடைசியில் வனவிலங்கு இலாகா ஆட்கள் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். பழக்கிய யானை இரண்டைக் கொண்டுவந்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக நெருக்கி, நடத்திக் கூட்டிப்போய் லோரியில் ஏற்றினார்கள். தோட்டமே திரண்டு வேடிக்கை பார்த்தது. நானும் பார்த்தேன். ஏற்றும்போது அது துதிக்கையை நீட்டி அந்தப் பழக்கிய யானையின் காதைத் தடவிக்கொண்டே இருந்தது. "எங்கே கொண்டுபோகிறார்கள்?" என்று தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரைக் கேட்டேன். "வேறு காட்டுக்கு" என்றார். அதோடு மறந்துவிட்டேன்.

கெடா வாசகர் அவர்களே, நீங்கள் சொல்லும் வேறு காடு இந்தக் காடுதான். 1974 முதல் இலாகா தோட்டங்களிலும் கிராமங்களிலும் நூற்றுக்கணக்கான யானைகளைப் பிடித்துப் பெரிய காடுகளில் விட்டு வருகிறது. தாமான் நெகாரா, கெனீர் பக்கம், பெலும். இவ்வளவுதான் இடம். நாம் குடியிருக்கும் சமவெளி முழுவதும் ஒரு காலத்தில் அவை நடந்த இடம். பால்மரத்துக்காக ஒரு தடவை தள்ளினோம், செம்பனைக்காக இன்னொரு தடவை தள்ளினோம், மிச்சத்தை லோரியில் ஏற்றி அனுப்பினோம். அனுப்பிய இடத்தின் நடுவில் ரோடு போட்டோம். இனி எங்கே அனுப்புவது? வடக்கே தாய்லாந்து எல்லை. கிழக்கே கிளந்தான் செம்பனை. இந்த ரோட்டுக்கு வடக்கே பெலும், தெற்கே தெமெங்கோர். இரண்டும் யானைக்கு ஒரே வீட்டின் இரண்டு அறை. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகத்தான் அது ரோட்டைத் தாண்டுகிறது. கழுத்தில் பட்டை மாட்டி ஆராய்ந்தவர்கள், பெரும்பாலும் இரவில்தான் தாண்டுகின்றன என்று கண்டிருக்கிறார்கள். காட்டை வெட்டித் திறந்துவிட்ட ரோட்டோரத்தில் வெயில் பட்டு இளம்புல் வளர்கிறது. அதைத் தின்னவும் வருகின்றன. அன்றைக்கு என் லோரிக்கு முன்னால் நின்று மண் தட்டிச் சாப்பிட்டதும் அந்தப் புல்லைத்தான்.

இதற்கு அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு இடத்தில் ரோட்டைத் தூண்களின்மேல் தூக்கிக் கட்டி, விலங்குகள் அடியில் போக வழி விட்டிருக்கிறார்கள். திரும்பி வரும்போது வண்டியை மெதுவாக விட்டுப் பேத்திக்குக் காட்டினேன். ஆனால் 120 கிலோமீட்டர் காட்டுக்கு அது போதாது. இன்னும் கட்டத்தான் வேண்டும். கட்டும்வரை நம் காலில்தான் இருக்கிறது, எண்ணெயை அழுத்துகிற அந்தக் காலில்.

லோரி ஓட்டுகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். இருட்டிய பிறகு கிரிக்கிலிருந்து ஜெலிவரை அறுபதைத் தாண்டாதீர்கள். அரை மணி, முக்கால் மணி தாமதமாகும். ஆகட்டும். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹார்ன் வேண்டாம், உயர்விளக்கு வேண்டாம். ஒன்று தாண்டிவிட்டது என்று உடனே எடுக்காதீர்கள், பின்னால் குட்டி வரும். முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஆட்கள் பலர் இன்றைக்குச் சொந்தமாக லோரி வைத்து நடத்துகிறீர்கள், பெருமையாக இருக்கிறது. இந்தப் பாதைக்கு மட்டும் நேரத்தைக் கூட்டிக் கொடுங்கள். தாமதத்துக்காக டிரிப்புக் காசில் கை வைக்காதீர்கள். மெதுவாக ஓட்டுவது யானைக்கு மட்டும் நல்லதில்லை. அந்தக் குட்டி இறந்த அடுத்த மாதமே, ஜூன் 9-ஆம் தேதி, இதே சாலையில் பேருந்து கவிழ்ந்து பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் போய்விட்டார்களே. படித்து ஆளாக வேண்டிய பிள்ளைகள். அந்த வளைவுகளை எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். அன்றைக்கு முழுவதும் என்னால் சாப்பிட முடியவில்லை.

பெலுமுக்குப் படகில் போன அன்று மாலையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். ஐந்து மணிக்கு மேல் படகுக்காரர் ஏரி நடுவில் எஞ்சினை நிறுத்தினார். பெலும் - தெமெங்கோர் காட்டில் பத்து வகை இருவாச்சி இருக்கிறது. நம் தேசியப் பறவை அதில் ஒன்று. இன்னொரு வகையை மலாய்க்காரர்கள் "தெபாங் மெந்துவா" என்கிறார்கள், மாமியார் வீட்டுத் தூண்களை வெட்டிச் சாய்த்த மருமகன் கதையைச் சொல்லி. தம்பி அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேற்கில் சத்தம் கேட்டது. பழைய கரி இரயில் மேடேறும்போது மூச்சு விடுமே, அந்தச் சத்தம். இறக்கை சத்தம்தான் அது. முதலில் ஆறு, அப்புறம் பதினைந்து, அப்புறம் எண்ண முடியவில்லை. ஆகஸ்ட்டுக்குப் பிறகு சில மாதம் இப்படிக் கூட்டம் கூட்டமாகப் போகுமாம். எங்கள் தலைக்கு மேலே வரிசை வரிசையாக எல்லைப் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தன. பேத்தி நூற்றுப் பதினொன்று வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டாள். பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

புலியைப் பார்த்தீர்களா என்று ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். பார்க்கவில்லை. நாடு முழுவதும் 150-க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது, அதில் சில இங்கே இருக்கின்றன. கண்ணி வைக்கிறவர்களைத் தேடிப் பூர்வகுடித் தம்பிகள்தான் வாரக்கணக்கில் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள். ரஃப்ளீசியா மொட்டு ஒன்று பார்த்தோம், முட்டைக்கோஸ் அளவு. பூத்தால் ஒரு வாரம்கூட நிற்காதாம்.

2007-இல் இந்தக் காட்டில் 117,500 ஹெக்டரை மாநிலப் பூங்காவாக அறிவித்தார்கள். அறிவித்து இத்தனை வருடமாகியும் அங்கே நம் குடும்பங்களை நான் அதிகம் பார்க்கவில்லை. ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார், தைப்பிங் தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இதைப் படித்தால், வருட இறுதிப் பயணத்துக்கு நீர்விளையாட்டுப் பூங்காவுக்குப் பதிலாக ஒரு முறை பாண்டிங் போய்ப் பாருங்கள். ஒரு முறை அந்தத் தடத்தில் கை வைத்து அளந்த பிள்ளை, நாளைக்கு லைசென்ஸ் எடுத்து அந்த ரோட்டில் ஓட்டும்போது தானாகவே காலைத் தூக்கும்.

வரும் மார்ச் விடுமுறையில் மறுபடியும் போகிறோம். மருமகனின் வேனில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. கெடாவிலிருந்து எழுதிய ஐயா தம் வீட்டம்மாவை அழைத்துக்கொண்டு எங்களோடு வரலாம். என் தொலைபேசி எண்ணை ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். பெட்ரோல் காசெல்லாம் வேண்டாம். முதல் நாள் சாயங்காலமே சுங்கை சிப்புட்டுக்கு வந்துவிட்டால் எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். பகலில்தான் போவோம், பகலில்தான் திரும்புவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர்,
சுங்கை சிப்புட், பேரா.